கறுப்புப் பெட்டியும் நம் வீட்டு வரவேற்பறையும்



ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் நம்மவர் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பேங் பக்கம் போனாலும் இதே காட்சிதான். முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட இடங்களிலும் இந்தப் பெட்டி நுழைந்துவிட்டது. கடைக்காரர் இதை ‘ஆண்ட்ராய்ட் பெட்டி’ என்பார். சில நூறு ரிங்கிட் கொடுத்தால் போதும். உலகில் உள்ள தமிழ் ஒளிவழிகள் எல்லாம் வரும். நேற்று திரையரங்கில் வெளியான படமும் இன்று வரும்!

“இதை வீட்டில் வைத்துப் பார்ப்பது குற்றமா டீச்சர்?” என்று பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கின்றனர். நம் மக்களிடையே இதற்கு இரண்டு விடைகள் உலவுகின்றன. “வீட்டுக்குள் பார்ப்பதை யார் கேட்கப் போகிறார்கள்? எல்லாரும்தானே வைத்திருக்கிறார்கள்?” என்பது ஒன்று. “பெட்டி வைத்திருந்தாலே இருபது ஆண்டு சிறையாம்!” என்பது மற்றொன்று. புலனக் குழுக்களில் இந்த இரண்டும் மாறி மாறி வலம் வருகின்றன. இரண்டுமே முழு உண்மை அல்ல. நான் வழக்கறிஞர் அல்லள், தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆயினும், வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கடமை எனக்கு ஏற்பட்டதால், இந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். படித்தபின் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

படம் பார்க்கும் ஆசை புதிதன்று

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஒரு படமோ நாடகமோ பார்க்க வேண்டும் என்று நம்மவர் ஆசைப்படுவதில் தவறேதும் இல்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்கு புரியும். எங்கள் பெற்றோர் காலத்தில் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்களாம். மாலையிலேயே பாய் விரித்து இடம் பிடித்துவிடுவார்களாம். எங்கள் காலத்தில் ஆர்.டி.எம். இரண்டாம் அலைவரிசையில் தமிழ்ப்படம் வந்தால், தொலைக்காட்சி இருந்த லயத்து வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து சோடிச் செருப்புகள் கிடக்கும். பிறகு வீடியோ நாடாக்கள் வந்தன. 1996ஆம் ஆண்டில் ஆஸ்ட்ரோ துணைக்கோள ஒளிபரப்பும் அதனுடன் வானவில் என்ற தமிழ் ஒளிவழியும் வந்தன. மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர் வீட்டுக் கூரையில் தட்டு ஏறியது. முடியாதவர் பாசார் மாலாமில் விற்ற வட்டுகளை நாடினர். பத்து வெள்ளிக்கு மூன்று படம் என்று கூவி விற்றதை நானே கேட்டிருக்கிறேன்.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டத்தில் அக்கம்பக்கம் பேசிக்கொண்டிருந்த பாட்டிமார், நான்காம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் நிலை வந்தது. அவர்களுக்குத் துணை தொலைக்காட்சியில் வரும் தமிழ்க்குரல்தான். இதை மறந்துவிட்டு, “கள்ளப் பெட்டி வைத்திருக்கிறார்கள்” என்று விரலை நீட்டுவது எளிது. அவ்வாறு நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் இந்த நெடிய கதையில் கூடவே நடந்து வந்திருக்கிறது என்பது படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தொலைக்காட்சியில் வரும் நிகழ்ச்சியைத் தம் சொந்த வீட்டுப் பயன்பாட்டுக்காக ஒருவர் பதிவு செய்துகொள்வதை அது தடுக்கவில்லை. கள்ள வட்டைப் பொறுத்தவரை, ‘தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கு அல்லாமல்’ வைத்திருப்பதுதான் குற்றம் என்கிறது. ஆனால், ஒரே வடிவத்திலுள்ள மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கள்ளப் படிகள் ஒருவரிடம் இருந்தால், அவை வீட்டுப் பயன்பாட்டுக்காக அல்ல என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. பாசார் மாலாமின் ‘பத்து வெள்ளிக்கு மூன்று’ என்ற கணக்கை இந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! நாம் அப்போது இதையெல்லாம் அறிந்திருந்தோமா?

வகுப்பறையில் எழுந்த கேள்வி

ஐந்தாம் ஆண்டு நன்னெறிக் கல்விப் பாடம். நேர்மை என்ற பண்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிறர் பொருளை அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்பதற்கு மாணவர்கள் எடுத்துக்காட்டுகள் கூறினர். அழிப்பான், பக்கத்து வீட்டு மாங்காய், சிற்றுண்டிச்சாலையில் மிகுதியாகக் கிடைத்த சில்லறை என்று வரிசையாக வந்தன. அப்போது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், ஆண்ட்ராய்ட் பொட்டியில படம் பாக்குறதும் திருட்டுதான்னு எங்க மாமா சொன்னாரு” என்றாள்.

வகுப்பு ஒரு கணம் அமைதியாயிற்று. ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் அந்தப் பெட்டி இருக்கிறதே! பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், எங்கப்பாதான் எல்லார் வீட்டுலயும் மாட்டிக் குடுக்குறாரு. போலீஸ் புடிச்சிக்கிட்டுப் போயிருமா?”

அவன் தந்தை பகலில் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மாலையிலும் வாரக் கடைசியிலும் பெட்டி பொருத்திக் கொடுத்து வரும் பணத்தில்தான் பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தைக் கட்டுகிறார். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, “ஆமாம், அது குற்றம்” என்று சொல்லிவிட முடியுமா? “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று பொய் சொல்லத்தான் முடியுமா? அதுவும் நேர்மையைப் பற்றிய பாடத்தில்! “இது நல்ல கேள்வி ஐயா. நான் சட்டத்தைப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்று கூறினேன்.

சட்டம் சொல்வது என்ன?

முதலாவது, பெட்டி வேறு, அதனுள் இருக்கும் செயலி வேறு. ஆண்ட்ராய்ட் என்பது கைப்பேசியில் உள்ளதைப் போன்ற ஓர் இயங்குதளம். உரிமம் பெற்ற சேவைகளைப் பார்ப்பதற்கும் அதே வகைப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. ஆகவே, ‘ஆண்ட்ராய்ட் பெட்டி’ என்ற பெயரே குற்றமன்று. தொடர்பு சாதனம் என்ற முறையில் அதற்குத் தரச்சான்று முத்திரை இருக்க வேண்டும் என்பது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதி. இது பதிப்புரிமைக்கு அப்பாற்பட்ட தனி விதி. உரிமையாளரின் அனுமதியின்றி ஒளிவழிகளையும் படங்களையும் கொண்டுவந்து சேர்க்கும் செயலிகளை முன்கூட்டியே ஏற்றி விற்கும்போதுதான் பதிப்புரிமைச் சிக்கல் எழுகிறது.

இரண்டாவது, 2022ஆம் ஆண்டில் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தம் அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதில் 43ஏஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமை மீறலுக்குத் துணைபோகும் தாரை ஒளிபரப்புத் தொழில்நுட்பத்தை உற்பத்தி செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், வாடகைக்கு விடுதல், விளம்பரம் செய்தல், சேவையாக வழங்குதல் ஆகியவை அதன்படி குற்றம். தொழில்நுட்பம் என்றால் பெட்டி மட்டுமன்று. கணினி நிரலும் செயலியும் அதில் அடங்கும். தண்டனை என்ன தெரியுமா? குறைந்தது 10,000 ரிங்கிட், கூடியது 200,000 ரிங்கிட் அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். புலனத்தில் உலவும் அந்த ‘இருபது ஆண்டு’ இங்கிருந்துதான் வந்தது. ஆனால், அது விற்பவரையும் பொருத்துபவரையும் நோக்கி எழுதப்பட்டது. தம் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரை நோக்கி அல்ல.

மூன்றாவது, அப்படியானால் பார்ப்பவர் நிலை என்ன? பதிப்புரிமைச் சட்டம் உரிமையாளருக்கென ஒதுக்கிவைத்துள்ள செயல்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. படியெடுத்தல், பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தல், பொதுமக்கள்முன் காட்டுதல், விநியோகித்தல், வணிக நோக்கில் வாடகைக்கு விடுதல் என அது செல்கிறது. ‘தம் வீட்டில் பார்த்தல்’ அப்பட்டியலில் இல்லை. மேலும், இணையத்தில் ஒன்றைப் பார்க்கும்போது சாதனத்தினுள் தற்காலிகமாக ஒரு படி உருவாகிறதல்லவா? பார்ப்பதற்குத் தேவையான அளவில் தாமாகத் தோன்றி மறையும் அத்தகைய படிக்கு, 2012ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்களித்துள்ளது. எனவே, வீட்டில் பார்ப்பவரைத் தண்டிக்கும் தெளிவான விதி நம் சட்டத்தில் இல்லை என்பதே நான் படித்தறிந்தது.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், நெதர்லாந்தில் விற்கப்பட்ட ‘ஃபிலிம்ஸ்பெலர்’ என்னும் பெட்டி தொடர்பாகத் தீர்ப்பளித்தது. அப்பெட்டியை விற்பது உரிமை மீறல் என்றதோடு நிற்காமல், அனுமதியற்ற மூலத்திலிருந்து பார்ப்பவருக்கும் அந்தத் தற்காலிகப் படி விலக்கு பொருந்தாது என்று அது கூறிவிட்டது. நம் அண்டை நாடான சிங்கப்பூர் 2021ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தில், இத்தகைய பெட்டிகளை வணிகம் செய்வோரைப் பொறுப்பாக்கியுள்ளது. தமிழ்நாட்டிலோ 2004ஆம் ஆண்டிலேயே ‘குண்டர் சட்டம்’ என்று மக்கள் அழைக்கும் சட்டத்தில் திருட்டு வீடியோ தயாரிப்போரும் சேர்க்கப்பட்டனர். இந்தியா 2023ஆம் ஆண்டில் தன் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி, படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், படத் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை உயரக்கூடிய அபராதமும் விதித்துள்ளது. பெரும்பாலும் சட்டத்தின் கை முதலில் நீள்வது செய்பவர், விற்பவர் பக்கமே. பார்ப்பவர் பக்கம் எவ்வளவு நீளும் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்பவை

1. பெட்டி வீட்டில் இருக்கிறது; குடும்பத்தார் மட்டுமே பார்க்கிறோம். – மேலே கூறியதே இதற்கு விடை. தண்டிக்கும் தெளிவான விதி இல்லை. ஆனால், ‘தண்டனை இல்லை’ என்பதும் ‘அனுமதி உண்டு’ என்பதும் ஒன்றல்ல. மேலும், படத்தைப் பதிவிறக்கிச் சேமித்து வைப்பது படியெடுத்தல் ஆகிவிடும். தற்காலிகப் படிக்கான விலக்கு அதற்குப் பொருந்தாது.

2. மலிவாக வாங்கி உறவினர்க்கும் நண்பர்க்கும் சிறு இலாபம் வைத்துக் கொடுக்கிறேன். – இது விற்பனை. 43ஏஏ பிரிவின் நேர்ப்பொருளில் வரும். ‘சிறு அளவு’ என்பது அபராதத்தின் அடிக்கோட்டைக் குறைக்காது.

3. பணம் வாங்கவில்லை, செயலியைப் பெற்றோர் புலனக் குழுவில் பகிர்ந்தேன். – இதில்தான் பலர் சறுக்குகின்றனர். வணிக நோக்கம் இல்லாவிட்டாலும், உரிமையாளர் பாதிக்கப்படும் அளவுக்கு விநியோகித்தால் அதுவும் குற்றமே என்று அதே பிரிவு கூறுகிறது. இருநூறு பேர் உள்ள குழுவில் பகிர்வது சிறிய செயலா என்று எண்ணிப் பாருங்கள்.

4. உணவகத்தில் காற்பந்து ஆட்டம் காட்டுகிறோம். – வீட்டுக்குரிய சலுகை கடைக்குப் பொருந்தாது. அது பொதுமக்கள்முன் காட்டுதல். வீட்டுச் சந்தாவை வைத்துக் கடையில் காட்டிய உணவகங்கள் வழக்கைச் சந்தித்து இழப்பீடு கொடுத்த செய்திகள் நாளிதழ்களில் வந்துள்ளன.

5. வகுப்பறையில் ஒரு காட்சியைக் காட்டலாமா? – கற்பித்தலுக்காகப் படைப்புகளைப் பயன்படுத்த நம் சட்டம் இடந்தருகிறது. அப்பயன்பாடு நியாயமான அளவில் இருக்க வேண்டும். படைப்பாளரின் பெயரையும் மூலத்தையும் குறிப்பிட வேண்டும். நுழைவுக்கட்டணம் இன்றிக் கல்வி அல்லது அறப்பணி நோக்கத்திற்காக இலாப நோக்கற்ற அமைப்பு படம் காட்டுவதற்கும் விலக்குண்டு. ஆனால், நிதி திரட்டச் சீட்டு விற்றுப் படம் காட்டினால் அந்த விலக்கு நீங்கிவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்கள் இதைக் கருத்தில் கொள்க.

6. உரிமம் பெற்ற சேவை எது என்று எப்படி அறிவது? – ஒருமுறை பணம் கட்டினால் வாழ்நாள் முழுவதும் எல்லா ஒளிவழிகளும் வரும் என்றால் ஐயப்படுங்கள். திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் படம் அதில் இருந்தால் ஐயமே வேண்டா! பற்றுச்சீட்டும் நிறுவனப் பெயரும் இல்லாமல் ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தாலும் அப்படியே.

பொருத்துபவர் யார்?

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று அந்த மாணவனின் தந்தை வந்தார். மகன் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். சற்றுத் தயங்கிவிட்டு, “டீச்சர், நான் படத்தத் திருடல. டவுன்ல மொத்தமா பெட்டி வாங்குறேன். கேக்குறவங்க வீட்டுல மாட்டிக் குடுக்குறேன். பெட்டிக்கு அம்பது வெள்ளி நிக்கும். அவ்வளவுதான்” என்றார். நான் 43ஏஏ பிரிவைப் பற்றிப் பொறுமையாக எடுத்துரைத்தேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப வாங்கிப் பாக்குறவங்களுக்கு ஒண்ணும் இல்ல. மாட்டுற எனக்குத்தான் எல்லாமா டீச்சர்?”

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்கு 50 ரிங்கிட் கிடைத்தால், மிகக் குறைந்த அபராதமான 10,000 ரிங்கிட்டைக் கட்ட அவர் 200 பெட்டிகள் பொருத்தியிருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதன்படி பார்த்தால் ஏறக்குறைய ஆறு மாத முழுச்சம்பளம்! எங்கோ வெளிநாட்டில் கணினி வழங்கியை நடத்துபவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவரைப் பிடிப்பது எளிதன்று. பெட்டியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருபவரோ கண்முன்னே இருக்கிறார். அவர் பெரும்பாலும் நம் தாமானைச் சேர்ந்தவர். நம் பள்ளிப் பிள்ளை ஒன்றின் தந்தையாகவோ அண்ணனாகவோ இருப்பவர்.

பார்ப்பவருக்குத் தண்டனை இல்லை என்று நாம் நிம்மதியாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால், நாம் கேட்பதால்தானே அவர் கொண்டுவருகிறார்? சட்டம் நம்மை விட்டுவிட்டது என்பதன் பொருள், நம் மலிவான பொழுதுபோக்கின் முழுச்சுமையும் அவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே. “வீட்டில் பார்ப்பது குற்றமா?” என்ற கேள்விக்கு மட்டும் விடை தேடினால் இது நம் கண்ணில் படாது.

பால்மரமும் படமும்

“படத்தை எடுத்துக்கொண்டு போய்விடவில்லையே, அது அங்கேயே தானே இருக்கிறது, இது எப்படித் திருட்டாகும்?” என்று கேட்போர் உண்டு. சட்டத்தின் பார்வையிலும் பதிப்புரிமை மீறல் வேறு, பொருளைத் திருடுதல் வேறு. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும், தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் ஒன்றை நினைவுகூரலாம். ஒருவர் நிரையில் விடியுமுன் வேறொருவர் புகுந்து மங்குகளில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலை அள்ளிக்கொண்டு போனால், மரம் அங்கேயேதான் நிற்கும். ஒரு கிளைகூட ஒடிந்திருக்காது. ஆனால், மரம் வெட்டியவரின் உழைப்பு போய்விட்டது. மரம் இருக்கிறதே என்று அவருக்கு ஆறுதல் சொல்ல முடியுமா?

இழப்பு சென்னையிலுள்ள பெரிய நடிகருக்கும் பெரிய நிறுவனத்திற்கும்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் நாட்டுத் தமிழ்க் கலைஞர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜகாட்’, 2016ஆம் ஆண்டில் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதையைச் சொன்ன படம் அது. இந்நாட்டில் இந்தியர் ஏறக்குறைய இருபது இலட்சம் பேர். அவர்களுள் தமிழ்ப்படத்திற்குச் சீட்டு வாங்குபவர் எத்தனை பேர்? இவ்வளவு சிறிய சந்தையில் ஒவ்வொரு சீட்டும் அடுத்த படத்திற்கான விதைநெல். தமிழகத்துப் படம் கோடிக்கணக்கான பார்வையாளர்களை நம்பி நிற்கிறது. நம் நாட்டுப் படத்திற்கு நம்மை விட்டால் வேறு நாதி இல்லை.

வேறு வழி இல்லையா?

“சம்பளம் வாங்கி வாடகையும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் கட்டிவிட்டால் மிச்சமில்லை, மாதாமாதம் சந்தா எங்கே கட்டுவது?” என்ற கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அது உண்மையான துன்பம். ஆனால், கட்டணமின்றி முறையாகப் பார்க்கவும் வழிகள் உள்ளன. நம் நாட்டில் பழைய ஒளிபரப்பு முறை 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு முடிவுக்கு வந்து, இலக்கவியல் ஒளிபரப்பு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கென ஒரு சிறு பெட்டியும் ஏரியலும் இருந்தால் போதும். மாதக் கட்டணம் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு அப்பெட்டியை இலவசமாகவே வழங்கியது. தொலைக்காட்சிப் பக்கத்தில் இருக்கும் எல்லாப் பெட்டியும் கள்ளப் பெட்டி அல்ல என்பதற்கு இதுவே சான்று! ஆர்.டி.எம்.மின் தமிழ் நிகழ்ச்சிகள் இணையத்திலும் கிடைக்கின்றன. படநிறுவனங்களே தங்கள் பழைய படங்களை யூடியூப் வலையொளியில் ஏற்றியுள்ளன. பாட்டிமார் விரும்பும் பழைய படங்களுக்கு அதுவே போதும். கட்டணச் சேவை வேண்டுமெனில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. தேர்வு முடிந்த விடுமுறை மாதத்தில் ஒன்றை எடுத்து, பள்ளி திறந்ததும் நிறுத்திவிடலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் அது நல்லது.

இன்னொரு காரணமும் உண்டு. இதைப் பெற்றோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறை, வீட்டு இணையச் சாதனங்களைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. மலிவான தொலைக்காட்சிப் பெட்டிகள் சிலவற்றில் தீய நிரல் கடைக்கு வருமுன்னரே ஏற்றப்பட்டிருக்கலாம். அல்லது பொருத்தும்போது பதிவிறக்கப்படும் செயலி வழியாகப் புகலாம் என்பதே அதன் சாரம். அப்படிப்பட்ட பெட்டி நம் வீட்டு இணைய இணைப்பைப் பிறர் குற்றச் செயலுக்குப் பயன்படுத்த வாசல் திறந்துவிடும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கைப்பேசியும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும் மடிக்கணினியும் அதே இணைப்பில்தான் இருக்கின்றன. அது மட்டுமன்று. உரிமம் பெற்ற சேவைகளில் சிறுவர்க்கான தனிப் பக்கமும் வயதுக் கட்டுப்பாடும் வைக்க முடியும். கள்ளச் செயலிகளில் ஒரு பொத்தானுக்கு அப்பால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் அந்தத் தொலைவியக்கியைக் கொடுத்துவிட்டு நாம் சமையலறையில் நிற்கிறோம்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

மறுவாரம் நன்னெறிப் பாடத்தில் நான் வாக்களித்தபடி விடை சொன்னேன். வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த ஓர் ஓவியத்தைக் காட்டி, “இதை யாரோ படமெடுத்து, வரைந்தவளைக் கேட்காமல் விற்றால் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். “அவளுக்குக் காசு குடுக்கணும் டீச்சர்” என்றனர். “கேட்காமல் விற்றதை மலிவாக வாங்கியவர்?” என்றேன். உடனே விடை வரவில்லை. பிறகு ஒருவன், “அவங்களுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு டீச்சர்” என்றான். ‘கொஞ்சம் பங்கு’... எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. சட்டநூல் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதியதைப் பிள்ளை இரண்டு சொல்லில் சொல்லிவிட்டான்.

தந்தைக்காக அஞ்சிய அந்த மாணவனிடம் ஓய்வு நேரத்தில் தனியே பேசினேன். “உன் அப்பா கெட்டவர் அல்லர். உங்களுக்காக இரவெல்லாம் உழைக்கிறார். அந்த வேலையில் ஆபத்து இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் யோசிப்பார்” என்றேன். அவன் தலையாட்டினான். அவன் தந்தை இன்னும் அந்த வேலையைச் செய்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. வீடு வீடாக அவரை அழைக்கும் நம்மைத்தான் நான் கேட்க விரும்புகிறேன்.

ஆசிரிய நண்பர்களே, இப்பாடத்தை நடத்தும்போது “யார் வீட்டில் பெட்டி இருக்கிறது, கையை உயர்த்துங்கள்” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பெற்றோர் செய்வதற்குப் பிள்ளைகளை வெட்கப்பட வைப்பது நன்னெறி ஆகாது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டால், “எல்லாரும் செய்கிறார்கள்” என்ற விடையை மட்டும் கொடுக்காதீர்கள். சட்டம் இப்படிச் சொல்கிறது, நம்மால் இவ்வளவுதான் முடிகிறது, இதை இனி இப்படி மாற்றிக்கொள்வோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும். அடுத்த முறை பெட்டி வேண்டும் என்று தொலைபேசியை எடுக்கும்போது, அதைக் கொண்டுவரப் போகிறவரையும் அவர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இந்தக் கேள்வி எழுந்திருந்தால், நீங்கள் என்ன விடை சொன்னீர்கள் என்று எழுதுங்கள். மற்ற பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது பயன்படும்.